புனித டிம்ப்னா மனநோயாளிகளின் பாதுகாவலர் ஆனது எவ்வாறு?

கேட்கப்பட்டவை மூன்று. அயர்லாந்து இளவரசி என்று சொல்லப்படும் புனித டிம்ப்னா உண்மையில் வாழ்ந்தவரா? தந்தையின் வாளுக்கு இரையாகி மறைசாட்சியாக (நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவராக) இறந்த ஒரு பெண் மனநோயாளிகளின் பாதுகாவலர் ஆனது எவ்வாறு? அவருடைய திருநாளைச் சிலர் மே 15 என்றும் வேறு சிலர் மே 30 என்றும் குறிப்பிடுவது ஏன்? முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் சில வரிகளில் விடை சொல்லிவிடலாம். இரண்டாம் கேள்விக்குள் ஓர் ஊரின் எழுநூறு ஆண்டு வாழ்க்கை அடங்கியிருப்பதால், அதற்கே இந்தப் பதிலின் பெரும்பகுதியைக் கொடுக்கிறேன்.

முதலில் கதை. அயர்லாந்தில் 7ஆம் நூற்றாண்டில் பிற தெய்வங்களை வணங்கிய ஒரு சிற்றரசன் இருந்தான். அவனுடைய மனைவி கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவள். அவர்களுக்கு ஒரே மகள் டிம்ப்னா. தாயின் வழியில் அவள் திருமுழுக்குப் பெற்று, திருமணம் செய்துகொள்வதில்லை என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அரசி இறந்துபோனாள். துயரத்தில் நிலைகுலைந்த அரசனிடம் மறுமணம் செய்துகொள்ளும்படி அரண்மனையார் வற்புறுத்தியபோது, இறந்தவளுக்கு நிகரான அழகுடையவளைத் தவிர வேறு எவளையும் ஏற்கமாட்டேன் என்று அவன் உறுதியாகச் சொன்னான். நாடெங்கும் தேடிப்போனவர்கள் அப்படி ஒருத்தியைக் காணாமல் திரும்பி வந்தார்கள். தாயின் சாயலை அப்படியே கொண்டிருந்தவள் மகள் ஒருத்திதான். பெற்ற மகளையே மணப்பதென்று அவன் துணிந்தான். அந்தத் துணிவைக் கதை சாத்தானின் தூண்டுதல் என்றே சொல்கிறது.

டிம்ப்னா நாற்பது நாள் தவணை கேட்டாள். அந்த இடைவெளியில், தன் ஆன்ம குருவான கெரபெர்ன் என்னும் முதியவரோடும், அரண்மனை விகடகவியோடும், அவனுடைய மனைவியோடும் கடல் கடந்து ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கினாள். அங்கிருந்து உள்நாட்டுக்குள் நடந்து, இன்றைய பெல்ஜியத்தின் கீல் என்னும் ஊருக்கு (உள்ளூர்க்காரர் நாவில் ஏறக்குறைய ‘ஹேல்’) அருகே, புனித மார்ட்டினுக்கு நேர்ந்தளிக்கப்பட்ட ஒரு சிற்றாலயத்தின் பக்கத்தில் நால்வரும் குடியமர்ந்தனர். அரசன் படையோடு துரத்திவந்தான். அவனுடைய ஆட்கள் வெஸ்டர்லோ என்னும் ஊரின் சத்திரத்தில் தங்கிவிட்டுப் பணம் கொடுத்தபோது, இதே மாதிரிக் காசுகள் தன்னிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்றும், அவற்றின் மதிப்புத் தெரியாததால் இனியும் வாங்க விருப்பமில்லை என்றும் சத்திரக்காரி சொல்லிவிட்டாள். யார் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, அந்த அயல்நாட்டுப் பெண் வாழ்ந்த திசையைக் கைநீட்டிக் காட்டினாள். நீட்டிய கை அப்படியே விறைத்துப்போயிற்று என்கிறது மக்கள் வழக்கு. அரசன் வந்தான், கெஞ்சினான், மிரட்டினான். கெரபெர்னைப் படைவீரர்கள் வெட்டி வீழ்த்தினர். இளவரசியை வெட்ட எவரும் முன்வராததால் அரசன் தானே வாளை உருவி மகளின் தலையைக் கொய்தான். அப்போது அவளுக்கு வயது பதினைந்து என்பது மரபு.

இந்தக் கதை நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அக்காலத்தில் கீல் பகுதி கம்ப்ரே மறைமாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. அதன் ஆயர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, கம்ப்ரே நகரின் புனித ஒபேர் ஆலயக் குருக்களில் ஒருவரான பியேர் என்பவர் டிம்ப்னாவின் வாழ்க்கையை இலத்தீனில் எழுதினார். தாம் எழுதியது மக்கள் மொழியில் வழங்கிய கதையைத் தழுவியது என்பதை அவரே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே ஆறு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய சாசனமோ, மடாலயக் குறிப்போ, வேறு ஒருவரின் சாட்சியமோ எதுவும் இல்லை. அரசனுடைய பெயர் தாமோன், அவன் ஓரியல் நாட்டை ஆண்டவன் என்றெல்லாம் இன்றைய சிறுநூல்களில் வருவன பிற்காலத்தார் சேர்த்துக்கொண்ட விவரங்கள்.

கதையின் எலும்புக்கூடு ஐரோப்பிய நாட்டார் கதைகளைப் படித்தவர்களுக்கு நன்கு அறிமுகமானது. மனைவியை இழந்த அரசன், அவளுக்கு நிகரான அழகியையே மணப்பேன் என்ற நிபந்தனை, மகளின் மீது திரும்பும் அவன் பார்வை, தவணை கேட்டுத் தப்பி ஓடும் மகள் என்ற வரிசை, ‘கழுதைத் தோல்’ என்ற பெயரில் பிரான்சில் வழங்கும் கதையிலும் அதன் பல உறவுக் கதைகளிலும் அப்படியே காணப்படுகிறது. புனிதர் வரலாறுகளைக் கறாராக ஆராய்வதையே பணியாகக் கொண்ட பொல்லாந்தியர் என்னும் இயேசு சபைக் குழுவைச் சேர்ந்த இப்போலித் தெலஹாய், டிம்ப்னாவின் கதையை அந்த நாட்டார் கதையின் தழுவல் என்றே வகைப்படுத்தினார். திருச்சபைக்கு உள்ளிருந்தே, ஒரு குருவின் கையாலேயே இந்த முடிவு எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பக்தி உள்ளவர்கள் வரலாற்றுக் கேள்விகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாட்டார் கதையில் தப்பியோடிய பெண் மாறுவேடத்தில் ஓர் அரண்மனைச் சமையற்கட்டில் வேலைசெய்து, இறுதியில் ஓர் இளவரசனை மணந்து, மனம் திருந்திய தந்தையோடு சமாதானமாகிறாள். டிம்ப்னாவின் கதையில் இளவரசனும் இல்லை, சமாதானமும் இல்லை. தந்தையின் வெறி கடைசிவரை தணிவதே இல்லை. அந்த வெறி தணியாமல் நின்ற இடத்திலிருந்துதான், பின்னர் சொல்லப்போகும் வழிபாடு முளைத்தது.

அயர்லாந்துத் தொடர்பைப் பற்றியும் ஒரு சொல். மொனகன் மாவட்டத்தில் டைடவ்னெட் என்று ஓர் ஊர் உண்டு. ‘தவ்னெட்டின் இல்லம்’ என்பது அப்பெயரின் பொருள். தவ்னெட் என்னும் ஐரிஷ் பெயர் இளமானைக் குறிப்பது. அந்த ஊரில் போற்றப்பட்ட கன்னித் துறவியின் கைக்கோல் எனப்படும் பழம்பொருள் இன்று டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒருகாலத்தில் அதன்மேல் கைவைத்து ஆணையிடும் வழக்கமும் இருந்தது. தவ்னெட்டும் டிம்ப்னாவும் ஒருவரே என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெயர் ஒற்றுமையைத் தவிர இருவரையும் இணைக்கும் கயிறு எதுவும் இல்லை. தவ்னெட்டின் மரபில் கொடிய தந்தையும் இல்லை, கடல் பயணமும் இல்லை, வாளும் இல்லை. இருவரையும் தனித்தனியாக வைத்துப் பார்ப்பதே நேர்மையானது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் உறுதியாகச் சொல்லத்தக்கது என்ன? கீல் ஊரில் ஒரு கல்லறை இருந்தது, அதில் ஒரு பெண்ணும் ஒரு குருவும் மறைசாட்சிகளாக வணங்கப்பட்டனர், பியேர் எழுதுவதற்கு முன்பே அங்கே நோயாளிகள் வந்துகொண்டிருந்தனர் என்பதே. பழமையான இரண்டு வெண்கல் சவப்பெட்டிகளின் உடைந்த பகுதிகளும், டிம்ப்னாவின் பெயர் என்று வாசிக்கப்படும் எழுத்துகள் பொறித்த ஒரு செங்கல்லும் அந்த ஊரில் காக்கப்பட்டுவந்தன. அப்பகுதியில் அத்தகைய வெண்கல் கிடையாது. ஆகவே வானதூதர்களே அந்தப் பெட்டிகளைச் செதுக்கி வைத்தனர் என்று மக்கள் நம்பினர். கெரபெர்னின் எலும்புகள் பின்னாளில் கீலில் தங்கவில்லை. ரைன் நதிப் பக்கத்துச் சான்டென் ஊரார் அவற்றைத் திருடிச் சென்றனர் என்று மரபு சொல்கிறது; அவை இருப்பதாகச் சொல்லப்படும் ஊர் ஜெர்மனியின் சொன்ஸ்பெக். இடைக்கால ஐரோப்பாவில் திருப்பண்டங்களைத் திருடுவது அரிய செயலன்று. புனிதர் விரும்பியதால்தான் திருட்டு நிறைவேறியது என்று சொல்லி அதை நியாயப்படுத்திய எழுத்துகளும் ஏராளம். டிம்ப்னாவின் எலும்புகள் மட்டும் கீலை விட்டு அகலவில்லை. வெள்ளிப் பேழையில் அவை அவ்வூர் ஆலயத்திலேயே வைக்கப்பட்டன.

இப்போது இரண்டாம் கேள்வி. கன்னிமைக்காக உயிர் கொடுத்த இளம்பெண்கள் திருச்சபை வரலாற்றில் பலர். ஆக்னஸ், லூசியா, செசிலியா என்று பெயர்கள் நீளும். வழக்கமாக ஒரு மறைசாட்சி எந்த வாதையை அனுபவித்தாரோ அந்த வாதையை அனுபவிப்பவர்களுக்கே பாதுகாவலர் ஆவார். பற்கள் உடைக்கப்பட்ட அப்பொலோனியாவிடம் பல்வலிக்காரர்கள் வேண்டிக்கொள்கிறார்கள். கண்ணோய் உள்ளவர்கள் லூசியாவிடம் போகிறார்கள். அந்தக் கணக்கில் டிம்ப்னா, வீட்டிலேயே பாதுகாப்பை இழந்த பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே பாதுகாவலர் ஆகியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. கதையில் பித்துப் பிடித்தவள் டிம்ப்னா அல்லள். பித்துப் பிடித்தவன் அவளைக் கொன்றவன். அந்தப் பித்தின் முன்னால் அவள் பணியாமல் நின்றாள். எனவே பித்தை உண்டாக்கும் தீய ஆவியை அவள் வென்றுவிட்டாள். ஆகையால் அந்த ஆவியின் பிடியில் இருப்பவர்களை அவளால் விடுவிக்க முடியும். இடைக்கால மக்களின் எண்ணம் இப்படி ஓடியிருக்க வேண்டும். டிம்ப்னாவின் சிற்பங்களில் அவள் ஒரு கையில் வாளைப் பிடித்து நிற்க, காலடியில் ஒரு பேய் கிடப்பதும், சிலவற்றில் அந்தப் பேய் சங்கிலியால் கட்டுண்டிருப்பதும் இதனால்தான்.

டிம்ப்னாவின் வழிபாட்டில் எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது இந்த இடமே. தன்னைக் கொன்றவனின் நோய் எதுவோ, அந்த நோய் கண்டவர்களுக்கே அவள் துணை நிற்கிறாள். அவளுடைய கல்லறைக்கு அழைத்துவரப்பட்ட ஒவ்வொருவரும், கதையின்படி பார்த்தால், அவளுடைய தந்தையின் இடத்தில் நிற்கிறவர். அவர்களை அவள் விரட்டவில்லை. இந்த எண்ணத்தை எந்த இறையியலாளரும் உட்கார்ந்து வகுக்கவில்லை. பெயர் தெரியாத பயணிகளும், அவர்களுடைய உறவினர்களும், கீல் ஊராரும் தலைமுறை தலைமுறையாக வந்துபோய் அதை உருவாக்கினார்கள்.

ஊரார் செய்ததை இனிச் சொல்ல வேண்டும். 1286ஆம் ஆண்டளவிலேயே கீலில் டிம்ப்னாவின் பெயரில் ஒரு மருத்துவ இல்லமும் சிற்றாலயமும் இருந்தன. 1349இல் அவளுக்கென்று ஒரு பேராலயம் எழத் தொடங்கியது. 1489இல் நேர்ந்த தீயில் அது அழிய, மீண்டும் கட்டப்பட்டு 1532இல் நேர்ந்தளிக்கப்பட்ட ஆலயமே இன்று நிற்பது. ஆலயத்தின் பக்கத்தில், 1480ஆம் ஆண்டு வாக்கில், ‘நோயாளர் அறை’ என்று வழங்கிய ஒரு சிறு கட்டடம் சேர்க்கப்பட்டது. மனம் பேதலித்தவர்களை அழைத்துவந்த குடும்பத்தார் அவர்களை அங்கே விட, ஒன்பது நாள் வழிபாடு தொடங்கும். நவநாள் என்று நாம் சொல்லும் அதே மரபு, இங்கே ஒரு மருத்துவ முறையாகவே நடந்தது. நோயாளி நாள்தோறும் ஆலயத்தை வெளியே மும்முறை சுற்றிவர வேண்டும். உள்ளேயும் மும்முறை சுற்ற வேண்டும். திருப்பண்டம் வைத்திருக்கும் உயர்ந்த மேடையின் கீழே முழந்தாளிட்டு ஊர்ந்து செல்ல வேண்டும். குருக்கள் பேயோட்டும் மன்றாட்டுகளை வாசிப்பார்கள். தானே நடக்க முடியாதவருக்காக ஊர்ப் பிள்ளைகளோ பெண்களோ கூலி வாங்கிக்கொண்டு சுற்றிவருவதும் உண்டு. முரண்டு பிடிப்பவர்களைக் கட்டிவைக்க அந்த அறையில் சங்கிலியும் இருந்தது. இதை மறைத்துவிட்டு கீலைப் பற்றிப் பேசுவது சரியாகாது.

ஒன்பது நாள் முடிந்தும் குணமாகாதவர்கள் பலர். மீண்டும் ஒரு நவநாள் தொடங்கலாம். ஆனால் நோயாளர் அறையோ சிறியது. வரிசையில் காத்திருப்பவர்களையும், ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றுக்குத் தங்கியவர்களையும் ஆலயக் குருக்கள் சுற்றுவட்டார வீடுகளில் ஒப்படைத்தார்கள். குடும்பத்தார் தங்குவதற்கும் உணவுக்கும் பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆண்டுகள் உருண்டன. திரும்பி அழைத்துப்போக வராத குடும்பங்கள் இருந்தன. திரும்பிப் போக விரும்பாத நோயாளிகளும் இருந்தார்கள். விருந்தாளி வீட்டு ஆளானார். ஆணாக இருந்தால் வயலிலும் தொழுவத்திலும், பெண்ணாக இருந்தால் அடுப்படியிலும் குழந்தை வளர்ப்பிலும் கைகொடுத்தார். ஒரு வீட்டில் தங்கியவர், அந்த வீட்டுத் தலைவர் இறந்தபின் மகனுடைய பொறுப்பிலும், பிறகு பேரனுடைய பொறுப்பிலும் தொடர்ந்து வாழ்ந்தது கீலில் சாதாரண நிகழ்ச்சி. அவர்களைக் குறிக்க அவ்வூர் மொழியில் வழங்கிய சொல்லுக்கு ‘உணவுக்குப் பணம் கொடுத்துத் தங்குபவர்’ என்பதே நேர்ப்பொருள். நோயைக் குறிக்கும் எழுத்து ஒன்றுகூட அந்தச் சொல்லில் இல்லை.

இதில் எவரும் திட்டமிட்ட ஏற்பாடு எதுவும் இல்லை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பேயோட்டுவதில் நம்பிக்கை வைத்த ஆலயம் ஒன்பது நாளில் அற்புதத்தை எதிர்பார்த்தது. பெரும்பாலோருக்கு அற்புதம் நிகழவில்லை. நிகழாமல் போனதால்தான் அவர்கள் ஊரில் தங்கினார்கள். தங்கியவர்களோடு வாழப் பழகிக்கொண்ட ஊர், மனநோய் என்பது பூட்டிவைக்க வேண்டிய ஒன்று என்ற எண்ணத்தையே மறந்துபோனது. இலண்டனிலும் பாரிசிலும் பித்தர்களைச் சுவரோடு பிணைத்திருந்த காலத்தில், கீலின் தெருக்களில் அவர்கள் மற்றவர்களைப் போலவே நடமாடினார்கள்.

கண்டிப்பும் இல்லாமல் இல்லை. பிறருக்குத் தீங்கு செய்யக்கூடியவரை வீட்டில் வைத்திருப்பவர் அவரைக் கட்டுப்படுத்திவைக்க வேண்டும், தவறினால் நேரும் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்ற உள்ளூர்க் கட்டளை 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. சிலர் கால்விலங்கோடு நடந்தார்கள். ஊதியமில்லாத பண்ணை உழைப்புக்காகவே நோயாளியை ஏற்றுக்கொண்ட வீடுகளும் இருந்திருக்கும். கீலைச் சொர்க்கமாகச் சித்திரிக்கும் எழுத்துகள் நிறைய வந்துவிட்டன. அவை அந்த ஊருக்கு நன்மை செய்வதாக நான் கருதவில்லை. குறையுள்ள மனிதர்கள், பணத்தேவையும் பக்தியும் கலந்த மனத்தோடு, நூற்றாண்டுக்கணக்கில் கைவிடாமல் செய்த வேலை என்று சொன்னாலே போதும்; அதன் மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது.

பிரெஞ்சுப் புரட்சியின் படைகள் பெல்ஜிய நிலத்தைக் கைப்பற்றியபின், 1790களின் இறுதியில், டிம்ப்னாவின் ஆலயம் மூடப்பட்டது. குருக்களின் குழு கலைக்கப்பட்டது. நவநாளும் பவனியும் நின்றன. வழிபாடே அடித்தளம் என்றால் அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வீடுகளில் இருந்தவர்களை ஊரார் வெளியே அனுப்பவில்லை. 1803இல், பிரெஞ்சு ஆட்சியின் மாவட்டத் தலைவராக இருந்த பொந்தெகுலான், பிரஸ்ஸல்ஸ் விடுதியில் மோசமான நிலையில் அடைபட்டிருந்த மனநோயாளிகளை கீலுக்கு மாற்றும்படி ஆணையிட்டார். சமயச் சடங்குகளை ஒடுக்கிய அதே அரசு, அந்தச் சடங்குகளிலிருந்து பிறந்த பழக்கத்தைத் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. 1821இல் பிரான்சின் புகழ்பெற்ற மனநல மருத்துவர் எஸ்கிரோல் நேரில் வந்து பார்த்துச் சென்றார். அதன்பின் கீல் ஐரோப்பிய மருத்துவ உலகின் விவாதப்பொருள் ஆயிற்று. சுவரில்லாத இந்த முறையே மனிதத் தன்மை உடையது என்று ஒரு சாராரும், மருத்துவக் கண்காணிப்பில்லாத அலட்சியம் என்று மறு சாராரும் வாதிட்டனர். 1850இல் பெல்ஜியம் மனநோயாளிகள் பற்றிய சட்டத்தை இயற்றியது. அதைத் தொடர்ந்து 1852இல் கீல் அரசின் மேற்பார்வைக்கு வந்தது. 1862இல் ஒரு மருத்துவமனை கட்டப்பட்டது. புதிதாக வருபவரை முதலில் அங்கே வைத்துக் கவனித்து, பிறகு பொருத்தமான வீட்டுக்கு அனுப்பும் முறை அப்போது உருவானது.

இதே காலத்து ஒரு சிறு செய்தியை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. ஓவியர் வின்சென்ட் வான் கோ இளைஞராக இருந்தபோது, 1880ஆம் ஆண்டு வாக்கில், அவருடைய தந்தை மகனை கீலுக்கு அனுப்பிவிட எண்ணினார். மகன் மறுத்துவிட்டதால் அது நடக்கவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1938இல் கீல் வீடுகளில் வாழ்ந்த நோயாளிகளின் எண்ணிக்கை 3,700ஐத் தாண்டியது. ஊரின் மக்கள்தொகையே அப்போது இருபதாயிரத்தை எட்டவில்லை. அதற்குப்பின் மருந்துகள் வந்தன, விவசாயக் குடும்பங்கள் குறைந்தன, பெண்கள் வெளியே வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்; எண்ணிக்கையும் படிப்படியாகச் சரிந்தது. 2010களின் நடுவில் சுமார் 250 பேர் எஞ்சியிருந்தனர். 1966 முதல் பத்தாண்டுக் காலம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லியோ ஸ்ரோல் என்னும் சமூகவியலாளரின் தலைமையில் ஒரு குழு கீலை விரிவாக ஆராய்ந்தது. வளர்ப்புக் குடும்பங்களுக்கு நோயின் மருத்துவப் பெயரைச் சொல்லாமல், அந்த மனிதரோடு பழகுவதற்குத் தேவையானதை மட்டும் சொல்லி அனுப்பும் வழக்கம் கீலுக்கே உரியது. ஒரு பெயரைக் கேட்டவுடன் அந்தப் பெயரின் வழியாகவே மனிதரைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம் என்பதைப் பட்டறிவால் கண்டவர்களின் வழக்கம் அது. 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் கீலின் இந்த வீட்டுப் பராமரிப்பு மரபை, தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளைப் பேணும் நல்ல நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. ‘இரக்கமுள்ள நகரம்’ என்ற பழைய பட்டப்பெயரையும் அந்தப் பதிவு தாங்கியிருக்கிறது.

கலைகளில் டிம்ப்னா பெற்ற இடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீல் ஆலயத்தில் 1515ஆம் ஆண்டளவில் யான் வான் வாவர் செதுக்கிய மரப்பீடம் ஒன்று உள்ளது. அரசியின் இறப்பு, கடல் பயணம், கொலை என்று கதை முழுவதும் அதில் காட்சி காட்சியாக விரிகிறது. ஏறத்தாழ அதே காலத்தில், புகழ்பெற்ற ஓவியர் ரோகியர் வான் டெர் வெய்டனின் பேரனான கூசன் வான் டெர் வெய்டன், அருகிலிருந்த டொங்கர்லோ மடத்துக்காக எட்டுப் பலகைகளில் இதே கதையைத் தீட்டினார். அவற்றில் ஒன்று தொலைந்துபோயிற்று. எஞ்சிய ஏழும் அண்மைக் காலத்தில் நுட்பமாகச் சீரமைக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத பயணிகளுக்கு பியேரின் இலத்தீனைவிட இத்தகைய படங்களே கதையைக் கொண்டுசேர்த்திருக்கும். அவற்றில் அரசனும் அரசவையும் 7ஆம் நூற்றாண்டு அயர்லாந்தினராக இல்லாமல், 16ஆம் நூற்றாண்டுப் பிரபான்ட் சீமையின் செல்வந்தர்களைப் போலப் பட்டும் சரிகையும் அணிந்து நிற்கிறார்கள். பார்த்தவர்களுக்கு அது தங்கள் ஊரில் நேற்று நடந்தது போலவே தோன்றியிருக்கும்.

கீலுக்கு வெளியே இந்தப் பக்தி பரவியது பெரும்பாலும் மனநல மருத்துவமனைகளின் வழியாகத்தான். அயர்லாந்தின் கார்லோ நகரில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட மனநோயாளர் இல்லம் பின்னர் புனித டிம்ப்னாவின் பெயரைப் பெற்றது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மாசிலன் நகரில் 1938இல் டிம்ப்னாவுக்கு ஆலயம் அமைந்தது. அந்த இடமும் ஒரு மனநல மருத்துவமனையைச் சார்ந்ததுதான். 2015இல் தீ விபத்தால் சேதமடைந்த அந்த ஆலயம் அடுத்த ஆண்டின் இறுதியில் மீண்டும் திறக்கப்பட்டது. கவலை, மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றால் வருந்துவோர் இன்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் அவளிடம் மிகுதியாக வேண்டிக்கொள்கிறார்கள். குடும்பத்துக்குள்ளேயே பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர்களும் அண்மைப் பதிற்றாண்டுகளில் டிம்ப்னாவைத் தங்களுக்கு நெருக்கமானவளாகக் காணத் தொடங்கியிருக்கிறார்கள். கதையின் நடுவிலேயே கிடந்தும், நூற்றாண்டுகளாக எவரும் உரக்கச் சொல்லாமல் விட்ட பகுதி அது. தந்தையின் செயலுக்குச் சாத்தானின் பெயரைச் சூட்டிவிட்டுக் கடந்துபோன உரைகளைவிட, அதை அதன் பெயராலேயே அழைக்கும் இன்றைய மன்றாட்டுகள் டிம்ப்னாவுக்கு நெருக்கமானவை என்பது என் எண்ணம்.

முதல் கேள்விக்குரிய விடையை இப்போது சொல்லலாம். அயர்லாந்து இளவரசி டிம்ப்னா என்று ஒருத்தி வாழ்ந்தாள் என்பதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. கீலில் மறைசாட்சிகளாகப் போற்றப்பட்ட இருவரின் கல்லறை இருந்தது என்பது உறுதி. அந்தக் கல்லறையில் கிடந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு, நினைவு அழிந்துபோன பின்னர், மக்கள் தமக்குத் தெரிந்த ஒரு பழைய கதையைக் கொண்டு விடை சொல்லிக்கொண்டார்கள் என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம். பாதுகாவலரிடம் வேண்டுதல் செய்யும் ஒருவர் இதை அறிந்தபின்னும் தொடர்ந்து வேண்டிக்கொள்ளலாம். திருச்சபை அவருடைய பெயரை நீக்கிவிடவில்லை.

மூன்றாவது கேள்வி எளியது. நூற்றாண்டுகளாக டிம்ப்னாவின் திருநாள் மே 15. திருத்தியமைக்கப்பட்டு 2004இல் வெளிவந்த உரோமை மறைசாட்சியர் பட்டியலில் அவருடைய பெயர் மே 30ஆம் நாளின் கீழ் வருகிறது. ஆகவே புதிய நாட்காட்டிகள் மே 30 என்கின்றன. கீலிலும் அமெரிக்காவின் பல இடங்களிலும் மரபுவழி வந்த மே 15ஐ ஒட்டியே இன்றும் கொண்டாடுகிறார்கள். தங்கள் பங்கு ஆலயத்தில் எந்த நாட்காட்டி வழக்கத்தில் இருக்கிறதோ அதன்படி நடப்பதே முறை. தனிப்பட்ட நவநாள் செய்ய விரும்புபவர் பழைய திருநாளை வைத்து மே 6இல் தொடங்கினால், ஒன்பதாம் நாளான 14இல் நிறைவுசெய்து மறுநாள் திருநாளில் பங்குகொள்ளலாம்.